வேண்டாதன நீக்கல்: லினக்ஸ் பொதிகளும் பயனரின் விருப்பமும்

லினக்ஸ் பயன்படுத்துவோரிடையே ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது. வன்தட்டில் இடமில்லை என்றோ கணினி மந்தமாகிவிட்டது என்றோ ஒருவர் குறைப்பட்டால், மற்றொருவர் நான்கு கட்டளைகளை எழுதிக் கொடுத்து, இவற்றை வரிசையாக இயக்குங்கள், குப்பை அகன்றுவிடும் என்பார். பெற்றுக்கொண்டவரும் அப்படியே இயக்குவார். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. சில வேளைகளில் மறுநாள் கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையும் அதன்மேல் வெள்ளை எழுத்துக்களும் மட்டுமே எஞ்சியிருக்கும். 'லினக்ஸ் என்றாலே இப்படித்தான்' என்ற பழைய தீர்ப்பு மறுபடியும் ஒருமுறை வழங்கப்படும்.

இத்தீர்ப்பு நியாயமற்றது என்பது என் துணிபு. பிற மென்பொருள்களைக் குலைக்காமல் ஒன்றை மட்டும் அகற்றும் வழிகள் லினக்ஸ் வழங்கல்களில் நெடுங்காலமாகவே இருக்கின்றன. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. எது வேண்டாம் என்பதைப் பற்றியே நாம் ஓயாமல் பேசுகிறோம். எது வேண்டும் என்பதை இயந்திரத்திடம் சொல்லிவைப்பதேயில்லை. வேண்டியது பதிவாகாத இடத்தில், வேண்டாதது எது என்பதை இயந்திரம் தானாகவே ஊகிக்க வேண்டியிருக்கிறது. நாம் விபத்து என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த ஊகத்தின் விளைவுதான்.

கணினித் துறைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்பட்டு வழங்கப்படுகிறது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் வழங்கலை எடுத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்டில் வெளியான அதன் 13ஆம் பதிப்பில் 69,830 பொதிகள் உள்ளன. இவற்றுள் தனித்து நிற்கக்கூடியவை மிகச் சிலவே. படம் பார்க்கும் நிரலுக்குப் படக்கோப்பை விரித்துத் தரும் நூலகம் வேண்டும். அந்த நூலகத்துக்குச் சுருக்கத்தைப் பிரிக்கும் வேறொரு நூலகம் வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் சி மொழியின் அடிப்படை நூலகம் வேண்டும். ஒரே செயலைப் பத்து நிரல்கள் தத்தமக்குள் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்ளாமல், ஒருவர் எழுதியதை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. பாதுகாப்புக் குறை ஒன்று கண்டறியப்பட்டால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். எல்லா நிரல்களும் திருந்திவிடும். இப்பகிர்வுக்கு நாம் தரும் விலையே சார்பு.

சார்பிலும் படிநிலைகள் உண்டு. இது இல்லாமல் இயங்கவே முடியாது என்பது ஒரு வகை. இது இருந்தால் நன்று என்று பரிந்துரைப்பது இரண்டாம் வகை. இதையும் பார்க்கலாமே என்று குறிப்பாகச் சொல்வது மூன்றாம் வகை. ஒரு பொதியைக் கட்டுபவர் இம்மூன்றில் எது என்பதை முடிவுசெய்து பொதியின் முகப்பிலேயே எழுதிவிடுகிறார். முதல் வகைச் சார்பில் உள்ள ஒன்றை நீக்கச் சொன்னால் அதைச் சார்ந்து நிற்பவையும் உடன் வெளியேறும். இதில் மர்மம் ஏதுமில்லை. தூணை எடுத்தால் உத்தரம் விழும் என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை.

நம் கவனத்துக்கு உரியது இதன் எதிர்த்திசை. உத்தரத்தை எடுத்துவிட்டோம், தூண் என்னாவது? நாம் ஒரு நிரலை நிறுவியபோது அதற்காக உடன் வந்த இருபது நூலகங்கள், அந்நிரல் போன பிறகும் வன்தட்டில் கிடக்கின்றன. அவை உண்மையிலேயே கேட்பாரற்றவையா, அல்லது இதற்குள் வேறு யாருக்காவது பயன்படத் தொடங்கிவிட்டனவா? தொடக்க காலத்தில் இதற்கு முறையான விடை இருக்கவில்லை. 'டெப்ஆர்ஃபன்' போன்ற சிறு கருவிகள், எதுவும் சார்ந்திராத நூலகங்களைத் தேடித் தந்தன; நீக்கலாமா வேண்டாமா என்பதைப் பயனரே தீர்மானித்தார். பிறகு 'அப்டிட்யூட்' என்னும் கருவியும், அதனைத் தொடர்ந்து 'ஆப்ட்-கெட்' கருவியும் எளிய உத்தி ஒன்றைக் கையாண்டன. பயனர் பெயர் சொல்லிக் கேட்டு வந்தது எது, சார்பின் பொருட்டுத் தானாக வந்தது எது என்று ஒவ்வொரு பொதிக்கும் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வதே அவ்வுத்தி. டெபியனிலும் உபுண்டுவிலும் 'எக்ஸ்டெண்டட் ஸ்டேட்ஸ்' என்ற பெயரில் ஒரு சாதாரண உரைக்கோப்பாக இப்பதிவு இன்றும் இருக்கிறது. தானாக வந்த பொதிகளின் பெயர்கள் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அங்ஙனம் குறிக்கப்படாதவை அனைத்தும் பயனர் விரும்பியவை என்று கொள்ளப்படும்.

'ஆட்டோரிமூவ்' என்று பரவலாகப் பரிந்துரைக்கப்படும் கட்டளை இந்தப் பதிவை நம்பித்தான் இயங்குகிறது. தானாக வந்தது என்ற அடையாளம் உடையது, இப்போது எதனாலும் வேண்டப்படாதது என்ற இரண்டு நிபந்தனைகளும் பொருந்தினால் அது நீக்கத்துக்கு உரியதாகிறது. தருக்கத்தில் பிழையில்லை. ஆனால் இத்தருக்கத்துக்குத் தெரியாத ஒன்று உண்டு: தானாக வந்த ஒன்றை நாம் பின்னர் விரும்பத் தொடங்கியிருக்கலாம்.

நம்மவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் 'ஃபாண்ட்ஸ்-இண்டிக்' என்றொரு பொதி இருக்கிறது. அதற்குள் எழுத்துரு எதுவும் கிடையாது. அது வெறும் கொத்துப் பொதி. வங்காளம், குஜராத்தி, கன்னடம், மலையாளம், தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளுக்கான எழுத்துருப் பொதிகளை ஒருசேர வரவழைப்பது மட்டுமே அதன் வேலை. தமிழுக்கு உரியது 'ஃபாண்ட்ஸ்-டாம்ல்'. இக்கொத்தின் வழியாகத் தமிழ் எழுத்துருக்களைப் பெற்ற ஒருவர், தமக்கு வங்காள எழுத்து படிக்கத் தெரியாதே, அது எதற்கு என்று எண்ணி அந்தப் பொதியை மட்டும் நீக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்காளப் பொதி போகும்போது, அதைச் சார்ந்து நிற்கும் கொத்துப் பொதியும் போயாக வேண்டும். கொத்துப் பொதி வெறுமையானது. ஆகவே அது போவதால் அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் தமிழ் எழுத்துருக்கள் இக்கணினிக்குள் இருப்பதற்கு எழுதி வைக்கப்பட்டிருந்த ஒரே காரணம் அந்த வெறும் பொதிதான். வேறெந்தப் பொதியும் அவற்றைப் பரிந்துரைக்காத நிலையில், அடுத்த முறை 'ஆட்டோரிமூவ்' இயங்கும்போது அவையும் குப்பைப் பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. வேறு தமிழ் எழுத்துரு இல்லாத கணினியானால், எழுத்து இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். இணையத் தமிழின் தொடக்க ஆண்டுகளை அறிந்தவர்களுக்கு அக்கட்டங்கள் நன்கு பழகியவை.

இங்கே யார் செய்தது தவறு? பயனர் தமக்கு உரிமையுள்ள ஒன்றைத்தான் நீக்கினார். இயந்திரம் தனக்குச் சொல்லப்பட்ட விதியைத்தான் பின்பற்றியது. நாள்தோறும் அவர் தமிழ் படித்தார் என்பது இயந்திரத்தின் பதிவேட்டில் எங்கும் இல்லை. 'ஆப்ட்-மார்க் மேனுவல்' என்ற கட்டளையோடு தமிழ்ப் பொதியின் பெயரையும் எழுதி ஒரே ஒருமுறை இயக்கியிருந்தால் போதும். இது என் விருப்பம், வேறு காரணம் வேண்டாம் என்று பதிவாகியிருக்கும். அதன்பின் கொத்துப் பொதி இருந்தாலும் போனாலும் எழுத்துருவுக்கு ஆபத்தில்லை. நீக்குவதற்கான கட்டளைகளைக் கற்றுத் தருபவர்கள் இந்த ஒன்றை மட்டும் ஏனோ சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மேசைச்சூழல்களுக்கான கொத்துப் பொதிகளிலும் இதே சிக்கல் உண்டு. உடன் வந்த சதுரங்க விளையாட்டையோ அஞ்சல் நிரலையோ நீக்கப்போய், மேசைச்சூழல் முழுவதையும் கட்டிவைத்திருந்த கொத்தே அவிழ்ந்துவிடக்கூடும். டெபியன் போன்ற வழங்கல்கள் இதற்காகச் சில விதிவிலக்குகளை அமைத்திருக்கின்றன. எனினும் எல்லா நிலைகளிலும் அவை காப்பாற்றும் என்று நம்பியிருப்பது விவேகமன்று.

அடுத்து வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் லினஸ் செபாஸ்டியன் என்ற புகழ்பெற்ற காணொளியாளர், லினக்ஸை அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு சோதித்தார். அவர் தேர்ந்தெடுத்த வழங்கல் பாப் ஓஎஸ். 'ஸ்டீம்' என்னும் விளையாட்டு நிரலை நிறுவ முயன்றபோது, அன்றைய பொதிகளிடையே இருந்த பொருத்தமின்மையால், ஸ்டீமை நிறுவவேண்டுமானால் மேசைச்சூழலையே நீக்கவேண்டும் என்ற முடிவுக்கு ஆப்ட் வந்தது. நீக்கப்போகும் பொதிகளை அது வரிசையாகப் பட்டியலிட்டது. இன்றியமையாத பொதிகள் நீக்கப்படவிருக்கின்றன என்று எச்சரித்தது. 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்றை முழுமையாகத் தட்டச்சு செய்தால்தான் மேற்செல்வேன் என்றது. அவர் தட்டச்சு செய்தார். மேசைச்சூழல் மறைந்தது.

இதை முன்னிட்டு இரண்டு கட்சிகள் எழுந்தன. எச்சரித்தும் கேட்காதவர் மீதே குற்றம் என்றது ஒரு கட்சி. விளையாட்டு நிரலை நிறுவச் சொன்னவரிடம் வீட்டையே இடிக்கட்டுமா என்று கேட்கும் கருவியின் மீதே குற்றம் என்றது மற்றொரு கட்சி. நான் இரண்டாம் கட்சிக்குச் சற்று அருகில் நிற்கிறேன். பயனரின் வேண்டுகோளுக்கும் கருவியின் முடிவுக்கும் இடையே அவ்வளவு தொலைவு இருக்கும்போது, ஒப்புதல் கேட்பது நேர்மையாகாது, மறுப்பதே நேர்மை. ஆப்டை உருவாக்குபவர்களும் அவ்வாறே எண்ணினார்கள் போலும். அதே மாதத்தில் வெளியான 2.3.12ஆம் பதிப்பிலிருந்து, இன்றியமையாத பொதிகளை நீக்கித்தான் ஒரு சிக்கலைத் தீர்க்க முடியும் என்ற நிலை வந்தால், அந்த வழியையே கருவி எடுப்பதில்லை. டெபியன் 13இல் உள்ள ஆப்ட், நீக்கப்போகும் பொதிகளைச் சிவப்பில் தனித்துக் காட்டுகிறது. நல்ல மாற்றங்கள்.

ஆனாலும் முதல் கட்சியின் வாதத்தை முற்றிலும் தள்ளிவிடுவதற்கில்லை. சிவப்பில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் வாசிக்கப்படாத எச்சரிக்கைக்கு மதிப்பில்லை. நீக்கத்துக்கு முன் கருவி தரும் பட்டியல் ஒரு பிரதி. அதை வாசிக்க நிரலராக இருக்க வேண்டியதில்லை. மூன்று பொதிகளை எதிர்பார்த்த இடத்தில் நூற்று நாற்பது வந்தால் ஏதோ பிசகு என்று எண்ணத் தெரிந்தால் போதும். 'இல்லை' என்று விடையளித்துவிட்டு, ஏன் என்று தேடலாம். கருவி அவசரப்படுத்துவதில்லை, அவசரம் நம்முடையது. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே 'ஆம்' என்று சொல்லிவிடும் 'ஒய்' என்ற குறியை நீக்கக் கட்டளைகளோடு சேர்த்துப் பரிந்துரைப்பதைப் போலப் பொறுப்பற்ற அறிவுரை வேறில்லை.

பிற வழங்கல்கள் இச்சிக்கலை எப்படி எதிர்கொள்கின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஃபெடோராவின் 'டிஎன்எஃப்', ஒரு பொதியை நீக்கும்போதே அதன்பொருட்டு வந்து இப்போது தேவையற்றுப்போன சார்புகளையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது. நடந்தவற்றை வரலாறாகக் குறித்துவைத்து, ஒரு செயலைப் பின்னோக்கித் திருப்பவும் வழி தருகிறது. ஆர்ச் லினக்ஸின் 'பேக்மேன்' கேட்டதை மட்டும் நீக்கும். வேறொன்று அதைச் சார்ந்திருந்தால் மறுத்துவிடும். ஜென்டூவில் 'வேர்ல்டு' என்றொரு கோப்பு உண்டு. பயனர் தம் வாயால் கேட்டவை மட்டும் அதில் இருக்கும். அப்பட்டியலிலிருந்தும் அடிப்படை அமைப்பிலிருந்தும் தொடங்கிச் சார்புகளைப் பின்தொடர்ந்து போனால் எட்ட முடியாதவை எவையோ, அவை நீக்கத்துக்கு உரியவை. நிக்ஸ் ஓஎஸ் இன்னும் ஒரு படி மேலே போய், கணினியில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதைப் பயனரே ஒரு கோப்பில் எழுதவேண்டும் என்கிறது. அங்கே நீக்குதல் என்பது அக்கோப்பில் ஒரு வரியை அழிப்பதுதான். பிடிக்காவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். வழிகள் வேறுபட்டாலும், ஜென்டூவும் நிக்ஸும் வற்புறுத்தும் உண்மை ஒன்றே: விருப்பம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். டெபியனிலும் அது இருக்கிறது. ஆனால் மறைவான மூலையில் இருக்கிறது.

எதற்காக நீக்கவேண்டும், வன்தட்டுத்தான் மலிந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சில நூறு மெகாபைட்டுக்காக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் குலைத்துக்கொள்வது மதியீனம்தான். ஆனால் இடம் மட்டுமே காரணமன்று. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு ஒரு கள்ளவழி புகுத்தப்பட்டிருப்பதை உலகுக்கு அறிவித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சேவை வழக்கத்தைவிட அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்ததே அவரை அதுவரை இட்டுச் சென்றது. டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகள்வரை அது வந்துவிட்டிருந்தது. நல்வாய்ப்பாக நிலையான பதிப்புகளை எட்டவில்லை.

இதில் நம் பொருளுக்கு உரிய செய்தி ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்எச் சேவைக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. சேவை தொடங்கிவிட்டது என்று 'சிஸ்டம்டி'க்கு அறிவிப்பதற்காகச் சில வழங்கல்கள் அதனோடு சிஸ்டம்டியின் நூலகத்தை இணைத்தன. அந்நூலகம் எக்ஸ்இசட் நூலகத்தை உடன் அழைத்து வந்தது. யாரும் கேட்காத விருந்தாளி, விருந்தாளியின் விருந்தாளியாக வீட்டுக்குள் வந்த கதை. அதற்காக எக்ஸ்இசட் பொதியையே நீக்கிவிட முடியுமா? முடியாது. டெபியனின் பொதிகளைப் பிரித்து நிறுவும் 'டிபிகேஜி'க்கே அதன் நூலகம் வேண்டும். ஆகவே பொதியை நீக்கவில்லை, உறவை அறுத்தார்கள். 2024 ஜூலையில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8, அந்த அறிவிப்பை எந்த நூலகத்தின் துணையுமின்றித் தானே செய்துகொள்ளும்படி மாற்றப்பட்டது. தேவையற்றது என்று நாம் சொல்வது எப்போதும் ஒரு பொருளாக இருக்கவேண்டும் என்பதில்லை. இரண்டு பொருள்களுக்கு இடையிலுள்ள தொடர்பும் தேவையற்றதாக இருக்கலாம்.

பொறுமையாக நீக்குவது எப்படி என்பதற்கும் டெபியனே சான்று. பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. ஒரே நாளில் அதனைத் தூக்கி எறிந்திருந்தால் அதனை நம்பியிருந்த எண்ணற்ற பொதிகள் குலைந்திருக்கும். டெபியனின் தன்னார்வலர்கள் சார்ந்திருந்த பொதிகளை ஒவ்வொன்றாகக் குறித்து வழுப் பதிவு செய்தார்கள். மாற்றக்கூடியவற்றை மூன்றாம் பதிப்புக்கு மாற்றினார்கள். கவனிப்பாரற்றவற்றை விலக்கினார்கள். 2021இல் வந்த 11ஆம் பதிப்பில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பில்தான் இல்லாமல் போனது. 13ஆம் பதிப்பில் 14,100க்கும் மேற்பட்ட புதிய பொதிகள் வந்தபோது, 8,840க்கும் மேற்பட்டவை காலாவதியானவை என்று வெளியேற்றப்பட்டன. சேர்ப்பதைப் போலவே நீக்குவதும் பராமரிப்பின் பகுதி என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

நம் மேசைக் கணினிக்கும் இதே முறை பொருந்தும். நீக்க எண்ணும் பொதி எதற்காக வந்தது என்பதை 'அப்டிட்யூட் ஒய்' என்ற கட்டளை சொல்லிவிடும். இந்த 'ஒய்' ஆங்கிலத்தில் ஏன் என்று கேட்கும் சொல், முன்னே கண்டித்த ஓரெழுத்துக் குறியன்று. 'சிமுலேட்' என்ற ஒத்திகைக் குறியோடு நீக்கக் கட்டளையை இயக்கினால், உண்மையில் எதையும் தொடாமல், என்ன நடக்கும் என்பதை மட்டும் கருவி காட்டும். வேண்டியது எதுவும் பட்டியலில் இருந்தால் அதனை முதலில் விருப்பப் பட்டியலில் சேர்க்கவேண்டும். 'ரிமூவ்' என்பது நிரலை நீக்கினாலும் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். 'பர்ஜ்' அவற்றையும் துடைத்துவிடும். தரவுத்தளப் பொதிகளாயின் தரவுகளும் போகக்கூடும் என்பதால் அங்கே இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். நீக்கியவற்றின் பெயர்கள் ஆப்டின் வரலாற்றுப் பதிவில் இருக்கும். தேவையானால் அதைப் பார்த்து மீண்டும் நிறுவலாம். கோப்புகளை நேரடியாக அழிப்பதும், சார்புகளைப் பொருட்படுத்தாமல் நீக்கும்படி டிபிகேஜியை வற்புறுத்துவதும் எந்நிலையிலும் வேண்டாம். பதிவேட்டுக்கும் உண்மைக்கும் பொருத்தமில்லாமல் போன கணினியைச் சீர்செய்வது கடினம்.

வழங்கல்களை உருவாக்குபவர்களிடமும் கேட்க ஒன்று உண்டு. மென்பொருள்களைச் சேர்க்கவும் நீக்கவும் அவர்கள் தரும் வரைகலைக் கருவிகளில், இது நீங்கள் கேட்டது, இது தானாக வந்தது என்ற வேறுபாடு கண்ணில் படும்படி இருக்கவேண்டும். நாள்தோறும் பயன்படுவது தானாக வந்ததாக இருந்தாலும், இதனை உங்களுடையதாக வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு சொல் கேட்கவேண்டும். விருப்பத்தைப் பதிவுசெய்யும் வசதி இருபது ஆண்டுகளாக இருந்தும், முனையத்தில் கட்டளை எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது உரிமையாக இருப்பது கட்டற்ற மென்பொருளின் நோக்கத்துக்குப் பெருமை சேர்ப்பதன்று.

அதுவரையில், தமிழ் வாசிக்கும் ஒவ்வொரு லினக்ஸ் பயனரும் தம் கணினியின் விருப்பப் பட்டியலைத் திறந்து, தமிழ் எழுத்துருவும் தமிழ் உள்ளீட்டுப் பொதியும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நலம். இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான். குப்பையைக் கூட்டுவது அதற்குப் பிறகு.